வெல்வெட்டும் ரெக்சினும்

கும்மிடிப்பூண்டி பஜாரில் சீட் கவர் கடை வாசலில் வேன் கதவு திறந்தே கிடக்கிறது. பின்னிருக்கையை நீட்டிப் படுக்கையாக்கியாயிற்று. விடிந்தால் குடும்பத்தோடு அஜ்மீர் பயணம். எளாவூர்ப் பக்கம் விரையும் ஒவ்வொரு லாரிக்கும், கடையில் தொங்கும் மாதிரித் துணிகள் படபடத்து அடங்குகின்றன. ஹனீப் அரக்கு நிற வெல்வெட்டைத் தடவித் தடவிப் பார்க்கிறார். அவர் மகள் ஜுவைரியாவின் கை ரெக்சினை விட்டு நகரவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அத்தாவுக்குச் சிறுநீர் நிற்பதில்லை. வீட்டு மெத்தையை மூன்று தரம் வெயிலில் காயப்போட்டவள், சொம்புத் தண்ணீர் கவிழ்ந்துவிட்டதென்றே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

"வெல்வெட்டு தூசி புடிக்கும் அத்தா."

"ரெக்சின் சுடும்மா. முதுகெல்லாம் வேர்த்துக்கினே இருக்கும்."

இருக்கையில் ஒரு முழங்காலை ஊன்றி, கொக்கிகளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கார அன்புராஜ் மூன்றாம் முறையாகக் கேட்கிறான். "இன்னாக்கா, எத்த மாட்டட்டும்?"

ஜுவைரியா துப்பட்டா நுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். நடுத்தெருவில் எந்த வாயால் சொல்வது? ஹனீப் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். மகளின் விரல்களையே சற்று நேரம் பார்க்கிறார். பிறகு வெல்வெட்டை நிதானமாக மடித்து மேசையில் வைக்கிறார்.

"தம்பி, ரெக்சினே போடு. அடியில பிளாஸ்டிக்கும் சேத்து வுடு. ராத்திரில எனக்கு அடங்க மாட்டேங்குது."

லாரிச் சத்தத்தையும் மீறி அது கேட்கிறது. "சரி பாய்" என்கிறான் அன்புராஜ், நிமிராமலே. அத்தாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜுவைரியா வேனுக்குள் ஏறி, வெயிலில் சூடேறிய ரெக்சினின் மறுமுனையைப் பிடித்து இழுக்கிறாள்.