பத்து விரலுக்கும் தடை

இரண்டாம் வகுப்பு இலக்கியாவின் கட்டைவிரலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாநிலம் முழுக்க ஒரே கணக்குத் தேர்வு. எட்டையும் ஏழையும் கூட்ட அது மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டதுமே, "விரல் விட்டு எண்ணாதே!" என்று அதட்டினார் கண்காணிப்பாளர்.

"வருஷம் பூரா நம்மை வச்சுத்தானே சொல்லிக்கொடுத்தாங்க? இன்னிக்கு மட்டும் நாம என்ன பிட்டுப் பேப்பரா?" என்று குமுறியது கட்டைவிரல்.

"கத்தாதீங்கண்ணே, பிள்ளையை வெளியே அனுப்பிடுவாங்க" என்று கெஞ்சியது சுண்டுவிரல்.

மணி அடித்தது. இலக்கியா விடை எழுதாத தாளை நீட்டினாள்.

முப்பத்தோரு பிள்ளைகளில் ஆறு பேர் வரவில்லை. வந்தவர்கள் எத்தனை பேர் என்று கண்காணிப்பாளர் கரும்பலகையில் எழுத வேண்டும். திரும்பி நின்றவரின் முதுகுக்குப் பின்னால், அவருடைய கட்டைவிரல் மெதுவாகக் கணுக்களைத் தொட்டது.

இலக்கியாவின் கட்டைவிரல் சுண்டுவிரலிடம் கேட்டது: "தம்பி, இவரை யாருடா வெளியே அனுப்புறது?"