பனியனில் ஓர் ஈயக்குண்டு

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகியதும், ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அழுகிறாள் என்று நினைத்து அவர் குரலைத் தணித்தார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

படத்தில் அவள் புருஷன் சம்பந்தத்தின் விலா எலும்புகள். அவற்றுக்கு நடுவே புளியங்கொட்டை அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அவள் தைத்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. பனியன் நழுவியிருக்கும்.

"இவ்வளவு சின்னதா இருக்கும்போதே கண்ணுல பட்டது உங்க அதிர்ஷ்டம். புற்றாவே இருந்தாலும் பரவறதுக்குள்ள எடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

மெட்ராஸுக்குப் புதிதாக ஸ்கேன் என்றொரு மெஷின் வந்திருக்கிறதாம். ஆளை உள்ளே படுக்கவைத்தால், கத்தி படாமலே நெஞ்சை வஞ்சிரம் மீனைப் போலத் துண்டு துண்டாகக் காட்டிவிடுமாம். நாளைக்கே எடுக்க வேண்டுமாம்.

ராஜாத்திக்குச் சிரிப்பு நின்றது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பீடியால் வந்தது. கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள், கட்டுக் கட்டாய் ஒளித்து வைத்தாள். 'கடல்காத்து அடிக்கிற அடியில பொகையாவது, நெஞ்சுல தங்கறதாவது' என்று சம்பந்தம் அடுத்த பீடியைப் பற்றவைப்பான்.

போன வருஷம் அவர்களுடைய லைட்ஹவுஸ் குப்பத்துக்கு, நெஞ்சைப் படம் எடுக்கும் எக்ஸ்ரே வண்டி வந்தபோது, பக்கத்து வீட்டு நாகம்மாளின் ரவிக்கை ஊக்கு படத்தில் வெள்ளையாக விழுந்து கம்பவுண்டர் கத்தினார். அது ராஜாத்தியின் மனதில் தங்கிவிட்டது.

இந்த வருஷம் வண்டி வருமுன் புருஷனின் வீச்சு வலையிலிருந்து ஓர் ஈயக்குண்டை அறுத்தாள். அவனுடைய நல்ல பனியனில், உள்பக்கம் வைத்துத் தைத்தாள். வண்டியில் சட்டையைத்தான் கழற்றச் சொல்வார்கள்.

நினைத்ததற்கு மேலேயே பலித்தது. 'படத்துல ஏதோ இருக்கு, இதை எடுத்துக்கிட்டு மெட்ராஸ் போங்க' என்று நர்ஸ் வந்து சொன்ன அன்றே சம்பந்தம் பீடிக்கட்டைக் குப்பத்தை ஒட்டிய ஏரியில் எறிந்தான். பேச்சு குறைந்தது. தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ராஜாத்தியும் நாகம்மாளும் அடுப்படியில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஆனால் ஸ்கேன்? குட்டு உடைந்துவிடும். மறுபடி பீடி.

அதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது மேல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தத்தை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"யோவ், ஊருக்குப் போலாம் வா. உன் நெஞ்சுல ஒண்ணும் இல்ல. அது வலைக்குண்டுய்யா. நான்தான் உன் பனியன்ல வெச்சுத் தைச்சேன்."

கத்துவான் என்று காத்திருந்தாள்.

அவன் கை பழக்கத்தில் காதோரம் போய்ப் பீடியைத் தேடியது. ஒன்றும் இல்லாமல் இறங்கியது.

"தெரியும்மே. வண்டி வந்த அன்னிக்கு, காலையில வலைய வீசுனா ஒரு பக்கம் தூக்கிக்கினு விழுது. குண்டு எங்கடான்னு தேடிக்கினே ஊட்டுக்கு வந்து பனியன மாட்டுனா அதுல கீது. அப்பவே பிரிச்சு வலையில கோத்துட்டேன். அப்பறந்தான் வண்டியில ஏறுனேன்."

வராந்தாவில் ஒரு ஸ்டிரெச்சர் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. அது திருப்பத்தில் மறையும்வரை ராஜாத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா என்னாண்ட சொல்லல?"

"நீ நாகம்மாவோட சிரிச்சுக்கினு இருந்தே. இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டரின் அறைக்குத் திரும்பினாள். கதவில் கை வைத்தபோது பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"நாளைக்குப் பனியன் போட்டுக்கினு வரலாமான்னு கேளு."