பிடிப்பு

"கையை விடுங்க. மில்லுல முதல் சங்கு ஊதிட்டு" என்றாள் கிருபாபாய்.

பால்துரை பாதித் தூக்கத்தில் சிரித்தார். "செத்த நேரம் இரேன்."

மலையிலிருந்து இறங்கிய பனி ஜன்னல் வழியே உள்ளே வந்து பாயருகில் நின்றது. அவளுடைய விரல்கள் அவருடைய கைக்குள் இருந்தன.

வாசலில் அடுத்த வீட்டு அன்னாளின் குரல். "ஏட்டி, புது மாப்பிள்ளை இன்னும் விடலையா? கேட்டைப் பூட்டிருவான்!"

"நீ போக்கா, பின்னாலயே வாரேன்."

போன சித்திரையில் கூமாப்பட்டித் தோப்பில் மாமரத்திலிருந்து விழுந்து பால்துரைக்குக் கழுத்து முறிந்தது. அதன்பின் கால்கள் அசையவே இல்லை. கைவிரல்களோ தாமாகவே இறுகிக்கொண்டு வலியில் அவரைத் துடிக்க வைத்தன. விடியலில் வெதுவெதுப்பான எண்ணெய் தடவி, தன் விரல்களை அந்த இறுக்கத்துக்குள் மெல்ல நுழைத்து, அது தளரும்வரை கிருபாபாய் காத்திருப்பாள். அவசரப்பட்டு இழுத்தால் அவருக்கு உயிர் போய்விடும்.

இரண்டாவது சங்கும் ஊதியது.

"கிருபா, பிடிப்பு விட்டு எம்புட்டு நேரமாச்சு! என் விரலெல்லாம் விரிஞ்சுல்லா கிடக்கு. இப்பம் யாரு பிடிச்சிருக்கா?"

அவள் கையை எடுக்கவில்லை.

"எனக்குத்தான் பிடிச்சிருக்கு."