அடைப்புக்குறி போடாத கணக்கு

கவிநிலா கணக்கில் மறுபடியும் ஃபெயில். ஹேமலதா டீச்சருக்கு வந்ததே கோபம்.

வராதா பின்னே? லாஸ்பேட்டையில் தன் வீட்டு ஹாலில் உட்காரவைத்து, சாயங்கால வேலையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தாரே. பத்தொன்பது வயசுப் பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு வராதா என்ன?

அந்தப் பெண்ணின் தலையெழுத்தே இந்தப் பரீட்சையில்தான் இருந்தது. அவள் அக்கா பாரதி போன வருஷம் மஞ்சள்காமாலையில் செத்துப்போனாள்.

"பாஸானா பாலிடெக்னிக். இல்லன்னா அக்கா புருஷனுக்கே கட்டிவெச்சிடுவேன்" என்று அப்பா சாமிக்கண்ணு கறாராகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை விஜய்க்குத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை. சாயங்காலமானால் குடி.

"வைகாசியிலயே முகூர்த்தம் பாத்துட்டாங்க டீச்சர். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நல்லா வந்தே போ. உக்காரு இப்படி. பரீட்சைல வந்த கணக்குதான். x கூட்டல் y ஏழு. 2x கழித்தல் y அஞ்சு. பிரதியிடல் முறையில போடு."

கவிநிலா பேனாவை எடுத்தாள். முதல் சமன்பாட்டில் y = 7 − x என்று எழுதினாள். அதை இரண்டாவதில் y இருந்த இடத்தில் போட்டாள். 2x − (7 − x) = 5. பிறகு மளமளவென்று, x நாலு, y மூணு.

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

"கண்ண மூடிக்கிட்டுப் போடறியேடி. பரீட்சைல என்னதான் எழுதித் தொலைச்சே?"

"x பன்னெண்டு. y மைனஸ் அஞ்சு."

"அது எப்படி வரும்?"

"ஏழு கழித்தல் x-ஐ அடைப்புக்குறி போடாம எழுதினேன். உள்ள இருக்கற குறி மாறல."

"பயத்துல மறந்துட்டியா?"

"மறக்கல டீச்சர்."

"பின்னே?"

"மத்த கணக்கையும் அப்படித்தான் வேணும்னே தப்பாப் போட்டேன்."

"பைத்தியமாடி உனக்கு? குடிகாரன்னு தெரிஞ்சும் அவன் வூட்ல போயி அக்கா இடத்துல உக்காரணும்னு அப்படி என்ன வேண்டுதல்?"

"எனக்கும் அவரக் கட்டிக்க இஷ்டமில்ல டீச்சர். படிக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையில்லையா?"

"அப்புறம் ஏன்?"

"நான் இல்லன்னா அவருக்குத் தவளக்குப்பத்துப் பொண்ணு ஒண்ணு பேசி வெச்சிருக்காங்க. அக்காவுக்கு மூணு வயசுல புள்ள இருக்கான். எங்க வூட்டுக்குத் தாங்கன்னா அவரு தரமாட்டேங்கறாரு." கவிநிலா பேனாவை மூடி வைத்தாள். "அந்தப் பொண்ணு, புள்ளைய எதனா அநாதை இல்லத்துல கொண்டுபோயி விட்டாத்தான் கழுத்த நீட்டுவேங்குது டீச்சர்."