முழங்கை விசாரணை

லேசரைத் திருப்பும் கண்ணாடியை என் முழங்கை தட்டிவிட்டது. டமாரென்று சத்தம். வீரமாக மேசைக்கடியில் புகுந்துகொண்டேன். வெளியே வந்தால், கூரையில் ஓட்டை.

எரிபொருளைச் சுமக்காமல், தரையிலிருந்து லேசரால் தள்ளியே விண்வெளிக்கு மலிவாகச் சாமான் அனுப்புவது எங்கள் ஆய்வுக்கூடத்தின் கனவு. அதுவரை நாங்கள் சோதனைக்காக லேசரால் தள்ளிப் பார்த்த அலுமினியத் தட்டு ஒரு சாண் எழும்பியதே சாதனை.

மறுநாளிலிருந்து என்னைக் கண்டால் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். லேசர் அறை எனக்கு மட்டும் பூட்டியிருந்தது. டைரக்டர் அம்மா கூப்பிட்டு, "எந்த முழங்கை? எவ்வளவு வேகமா இடிச்சீங்க?" என்று துருவினார்.

"சீட்டைக் கிழிக்கப் போறாங்க," என்றேன் மனைவியிடம்.

"வீட்டுல எத்தனை டம்ளர் உடைச்சிருக்கீங்க, நான் அனுப்பிட்டேனா?" என்றாள்.

பொறுக்க முடியாமல் டைரக்டரிடமே போனேன். "மேடம், எனக்கு வேலை இருக்கா, இல்லையா?"

"இருக்கு. கூரையை ஓட்டை போட்டது லேசர் இல்லை, நம்ம தட்டு. பிச்சுக்கிட்டுப் பறந்துடுச்சு. ஒரு வாரமா நாங்களும் கண்ணாடியை இடிச்சு இடிச்சுப் பாக்கறோம், அந்தக் கோணம் வரலை. நீங்கதான் இடிக்கணும்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா யோசிச்சு இடிப்பீங்க. நீங்க யோசிச்சுச் செஞ்சது எதுவும் இதுவரைக்கும் பறந்ததில்லை."