ஆறு மணி இருட்டு

"பாத்தீங்களா, இன்னைக்கும் கதவ அடைச்சிட்டாளுக!"

மார்கிரட் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று பல்லைக் கடித்தாள்.

பூண்டுலோயா மலையில் பொழுது இப்போதுதான் சாய்கிறது. அதற்குள் வரிசை வீடுகளான லயம் முழுக்க ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. டீவிச் சத்தம் இல்லை. மார்கிரட் வீட்டு பல்பு மட்டும் தன்னந்தனியாக எரிந்துகொண்டிருந்தது.

"ஒக்சிஜன் மெஷினு நம்ம வீட்டுக்கு வந்த நாள்லேருந்து இதே கூத்துதான். நோய் ஒட்டிக்கிருமாம், நோய்!"

உள்ளே கட்டிலில் கிடந்த அவள் புருஷன் டக்ளஸ், மூக்கில் குழாயோடு சிரித்தார். தேயிலை ஃபெக்டரித் தூசியில் கிடந்து கிடந்து நெஞ்சு கெட்டுப்போன மனுஷன். அந்த மெஷினை ஆஸ்பத்திரியில்தான் இரவல் கொடுத்திருந்தார்கள்.

"சும்மா இரு புள்ள. இது நோயக் குடுக்குற மெஷினா? இங்கன இருக்க காத்துலேருந்து ஒக்சிஜனப் பிரிச்சு எனக்குக் குடுக்குது, அம்புட்டுத்தான். ஃபெக்டரியில அரைச்ச கொழுந்து எதுனால செம்பு நெறமாகுது? இதே காத்துனாலதான். கொழுந்துக்குப் போக மிச்சம் எனக்கு."

"நல்லாப் பேசுங்க. மூச்சு வாங்குது பாருங்க."

மெஷின் வந்த புதிதில் மார்கிரட் பட்ட பாடு கொஞ்சமில்லை. சாயங்காலமானால் சிவப்பு லைட் எரிந்து, கீ கீ என்று கத்தும். கரண்ட் ஒழுங்காக வராவிட்டால் அப்படித்தான் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். டக்ளஸின் உதடு நீலம் பாரிக்கும். மார்கிரட் நெஞ்சில் அடித்துக்கொண்டு அந்தோனியாரைக் கூப்பிடுவாள்.

அப்புறம் ஒருநாள் கத்துவது நின்றது. நின்றது நின்றதுதான். நவநாள் செபம் வீண் போகவில்லை என்று கோயிலில் எல்லாரிடமும் சொன்னாள்.

ஆனால் லயத்துச் சனங்களை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டு அம்மாக்கண்ணு அடுப்பையே தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். கொட்டுகிற மழையில், ஒரு துண்டுத் தகரத்துக்குக் கீழே குந்திக்கொண்டு சோறாக்குகிறாள். மற்றவர்களும் அப்படியே.

பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது மார்கிரட் கேட்டே விட்டாள்.

"ஏன்டி அம்மாக்கண்ணு, எம் புருஷன் மூச்சு ஒஞ் சோத்துல விழுந்துருமாக்கும்?"

"அப்பிடியே வச்சுக்கங்கக்கா." வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது.

கிளினிக் நாள் வந்தது. மெஷினையும் வாடகை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டொக்டர், டக்ளஸின் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். குழாயைக் கழற்றிவிட்டு வராந்தாவில் நடக்கவிட்டு, மறுபடியும் பார்த்தார்.

"தொண்ணூத்தாறு! ஐயா, ஒங்களுக்கு இனி ஒக்சிஜன் மெஷின் தேவையில்ல. இத வேற ஆளுக்குக் குடுக்கலாம்."

மார்கிரட்டுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோ ரோட்டிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் படிக்கட்டுதான். வாசலுக்கு நடக்கவே மூச்சு இளைத்த மனுஷன், ஒவ்வொரு படியாக ஏறினார். மார்கிரட் கை கொடுக்கப் போனாள்.

"விடு புள்ள. நானே ஏறுறேன்."

ஏறியும் விட்டார். மேலே நின்று, மலைக் காத்தை நெஞ்சு நிறைய இழுத்து விட்டார்.

லயம் வழக்கம்போல இருண்டு கிடந்தது. மார்கிரட் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடு வாசலில் நின்றாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க! எம் புருஷன் பொழைச்சுட்டாரு! மெஷினத் திருப்பிக் குடுத்தாச்சு! இனிமே பயப்படாம கதவத் தொறங்க!"

அம்மாக்கண்ணுவின் கதவு திறந்தது. கையில் டோர்ச்சோடு வெளியே வந்தாள்.

"மெய்யாலுமாக்கா? இனி மெஷினு வேணவே வேணாமா?"

"வேணாம்! டொக்டரே சொல்லிட்டாரு!"

அம்மாக்கண்ணு டோர்ச்சைத் தூக்கிப் பிடித்துக் கூவினாள்.

"ஏய் லோஜினி! விஜிதரா! டக்ளஸண்ணே நடந்து வந்து நிக்கிறாரு! போடுங்க எல்லாத்தையும்!"

ஒரு காம்பராவில் பல்பு எரிந்தது. அடுத்ததில் எரிந்தது. சரசரவென்று லயத்தின் அந்தக் கோடி வரைக்கும் எரிந்தது. ஒரு வீட்டில் டீவி அலறியது, இன்னொரு வீட்டில் பாட்டுப்பெட்டி. பிள்ளைகள் "ஓ"வென்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார்கள். தேர்த் திருவிழாக்கூட அப்படி இருந்ததில்லை.

மார்கிரட்டுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னாடி இது?"

"நாங்க ஹீட்டரு, குக்கருன்னு போட்டா கரண்ட் எறங்கி ஒங்க மெஷினு கத்துச்சேக்கா. செவுத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் குலை நடுங்கும். அதான் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு வெறகுக்கு மாறிட்டோம். பொகை அண்ணனுக்கு ஆகாதுன்னு அடுப்பப் பின்னுக்குக் கொண்டு போயி, முன்கதவயும் அடைச்சிட்டோம்."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்லடி, பாவி!"

"சொன்னா நீங்க மெஷினப் போடவே யோசிப்பீங்க."

மார்கிரட் அம்மாக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். டக்ளஸ்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் தங்கச்சி, ஹீட்டரையும் குக்கரையும் நிப்பாட்டுனா போதுமே. இந்தச் சின்ன பல்பயும் ஏன் அணைச்சீங்க? அது எம்புட்டுக் கரண்டத் திங்கப் போகுது?"

அம்மாக்கண்ணு வெட்கத்தோடு சிரித்தாள்.

"அது எங்களுக்கு என்னாண்ணே தெரியும்? அந்தக் கொஞ்சமும் ஒங்க மூச்சுக்கே வந்து சேரட்டும்னுதான்."