மதார் பாய் கணக்கு

அருப்புக்கோட்டை எண்ணெய் மில்லில் வரவுக்கணக்குப் பார்ப்பவள் முனீஸ்வரி. யார் பணம் போட்டாலும், வந்துவிட்டதென்று தன் குரலிலேயே பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள்.

வீரசோழன் கடைக்காரர் மதார் மைதீன் வாராவாரம் பணம் போட்டார். சரக்கு மட்டும் எடுக்கவே இல்லை. கணக்கு இடித்ததால் முதலாளி ஜெகதீஸ்வரனிடம் கேட்டாள்.

அவர் முகம் மாறிப்போனது. "மதார் பாயா? அவரு ரம்ஜானுக்கு முந்தியே தவறிப்போயிட்டாரும்மா. அடக்கத்துக்கு நாந்தான போயிட்டு வந்தேன்!"

முனீஸ்வரி தான் பேசி அனுப்பியதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். "காசு வந்திருச்சு பாய், சௌக்கியமா இருக்கீகளா?" என்று இத்தனை வாரமும் இறந்தவரிடம் கேட்டிருக்கிறாள். போனைப் பார்த்தாள். அனுப்பியது அத்தனையிலும் நீல டிக். யாரோ கேட்டிருக்கிறார்கள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் வீரசோழனுக்கு பஸ் ஏறினாள்.

பூட்டிய கடைக்குப் பின்னால் வீடு. கதவைத் திறந்தவர் மதாரின் மனைவி நர்கிஸ்.

"மதார் பாய் வீடு..."

"முனீஸ்வரியா? குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டேன். உள்ள வா தங்கச்சி."

"அக்கா, பாய் பேர்ல பணம்..."

"நாந்தான் போடுறேன்."

"சரக்கே எடுக்காம எதுக்குக்கா?"

நர்கிஸ் கணவரின் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"ஊருல எல்லாரும் அவுகளப் பத்தி 'இருந்தாக, போயிட்டாக'ன்னுதான் பேசுறாக. அவுகள்ட்டயே சௌக்கியமான்னு கேக்குறது நீ ஒருத்திதான். காசு போட்டாத்தான தங்கச்சி நீ கேப்ப?"